அடுத்த பேய்த் தொடருக்கு முன்: தமிழ் நாடகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களை எழுதுவோர், இயக்குவோர், அவற்றுக்கு நேரமும் பணமும் ஒதுக்கும் ஒளிவழிப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த அமானுஷ்யத் தொடருக்கான கதை விவாதம் எப்போது நடந்தாலும் இந்த மடல் அந்த மேசையில் இருக்கட்டும் என்றே எழுதுகிறோம். அமெரிக்கத் தொடரான ‘சூப்பர்நேச்சுரல்’, 2005 செப்டம்பரில் தொடங்கி 2020 நவம்பரில் முடிந்தது. 15 சீசன், 327 எபிசோடு. அதை முழுக்கப் பார்த்தவர்கள் நாங்கள். பாதியை மறந்துவிட்டாலும் நஷ்டமில்லை. வானவர், நரகம், உலக அழிவு என்று கதை பெருத்த பிறகு தொய்வான சீசன்களும் உண்டு. ஆனால் ரசிகர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் எபிசோடுகள் பெரும்பாலும் சின்னவை. ஒரு உணவகம், ஒரு கார், ஒரு நெடுஞ்சாலை. நம் ஊர்ப் பட்ஜெட்டுக்கு எட்டும் அளவு.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். பேய்க்கு முதலில் விதி எழுதுங்கள். வெள்ளைச் சேலையையும் விரித்த கூந்தலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தொடரின் விதி எளிமையானது. உப்புக் கோட்டை ஆவி தாண்டாது. இரும்பு பட்டால் சற்று நேரம் கலைந்து போகும். அடியோடு ஒழிக்க வேண்டுமென்றால் பிணத்தின் எலும்பைத் தோண்டி எடுத்து, உப்புப் போட்டு எரிக்க வேண்டும். இவ்வளவையும் முதல் சீசனிலேயே சொல்லிவிட்டார்கள். அதன்பின் பேய் வேட்டையாடும் சகோதரர்களான சாம், டீன் இருவரும் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் பார்ப்பவருக்கே ‘இப்போது உப்புக் கோடு கலைந்துவிட்டது, என்ன செய்வார்கள்?’ என்று தோன்றும். இசையமைப்பாளர் கத்திப் பயமுறுத்தத் தேவையில்லை.

இந்த விதியை அப்படியே சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால் முதல் எபிசோடிலேயே கதை உடையும். இங்கே எலும்புக்கு எங்கே போவது? இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் தகனம்தான். மண்டாயில் சாம்பலாகி, கடலிலும் கரைத்தாகிவிட்டது. அடக்கம் செய்பவர்களுக்கும் 1998 முதல் சுவா சூ காங் இடுகாட்டில் 15 ஆண்டு வரம்பு. பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். பிடாடரி இடுகாட்டில் இந்துக்களுக்கும் ஒரு பகுதி இருந்தது. 2001க்கும் 2006க்கும் இடையில் கல்லறைகளை அகற்றினார்கள், இன்று அங்கே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள். நம் நாயகன் மண்வெட்டியோடு நள்ளிரவில் எங்கே போய்த் தோண்டினாலும் பார்ப்பவர் சிரிப்பார்.

இதற்கு வழியும் அந்தத் தொடரிலேயே இருக்கிறது. முதல் சீசனின் ‘ஹூக் மேன்’, ‘ப்ராவனன்ஸ்’ இரண்டையும் பாருங்கள். முதலாவதில் எலும்பை எரித்த பிறகும் ஆவி வருகிறது, ஏனென்றால் அது பிடித்துக்கொண்டிருந்தது தன் வெள்ளிக் கொக்கியை. கொக்கியை எப்போதோ உருக்கி வேறு பொருள்களாகச் செய்துவிட்டார்கள்; அதிலொன்று கதாநாயகியின் கழுத்துச் சிலுவை. இரண்டாவதில் ஓவியத்தை எரித்தும் கொலை நிற்கவில்லை. கடைசியில் ஒரு பொம்மையின் தலையில் இருந்த உண்மையான மனித முடிதான் காரணம் என்று தெரிகிறது. நம் வீடுகளில் இதற்குப் பஞ்சமே இல்லை: அடகுக்குப் போய்த் திரும்பிய தாலிக்கொடி, உருக்கிப் பேத்திக்கு வளையலாகச் செய்த பாட்டியின் அட்டிகை, முதல் மொட்டையின் முடி. நகையை உருக்கினாலும் பிடி விடாது என்பது ஒரு விதி. லிட்டில் இந்தியா நகைக்கடைப் பட்டறையில் ஒரு காட்சி போதும், அதை நிறுவிவிடலாம்.

உப்பைப் பயன்படுத்தியே தீருவேன் என்றால் சில நடைமுறைகள். தூள் உப்பு வேண்டாம். இந்த ஊர் ஈரப்பதத்தில் சீக்கிரமே கட்டியாகும், மேலே மின்விசிறி ஓடினால் கோடு கலையும், வெள்ளைத் தரை ஓட்டில் கேமராவுக்குத் தெரியவே தெரியாது. கல்லுப்பு வாங்குங்கள். திருஷ்டி சுற்றிப் போடும் அதே உப்பு, காய்ந்த மிளகாயோடு சேர்த்தால் வெள்ளைத் தரையிலும் சிவப்பு கண்ணில் படும், நம் வீட்டுப் பழக்கமாகவும் இருக்கும். கோடு இரண்டு விரல் அகலமாவது இருந்தால்தான் அகலக் காட்சியில் நிற்கும். ஒவ்வொரு டேக்குக்கும் முன் புகைப்படம் எடுத்து வையுங்கள். உப்புக் கோட்டின் இடைவெளி ஒரு ஷாட்டில் இருந்து அடுத்த ஷாட்டில் காணாமல் போனால், விதி மேல் இருந்த நம்பிக்கையும் கூடவே போய்விடும்.

இரும்புக்கு இதைவிட நல்ல செய்தி. நான்காம் சீசனில் பாபி என்ற முதியவர் தன் வீட்டு நிலவறையில் ஓர் அறை கட்டி வைத்திருப்பார்: சுவர் முழுக்க இரும்பு, மேலே உப்புப் பூச்சு. அதைப் பார்த்த எந்தச் சிங்கப்பூரருக்கும் தோன்றுவது ஒன்றுதான், நம் பாம் ஷெல்டர்! 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் கனத்த எஃகுக் கதவோடு, இடிக்கக்கூடாத கான்கிரீட் சுவரோடு ஓர் அறை சும்மா இருக்கிறது. அரிசி மூட்டையும் பழைய பெட்டியும் கிடக்கின்றன. கைத்தொலைபேசி சிக்னலும் உள்ளே சரியாக வராது. ஒரு முழு எபிசோடு அந்தக் கதவுக்கு இரு பக்கத்திலும் நடக்கலாம். உள்ளே கேமராவை வைக்க முயலாதீர்கள்: இடம் போதாது, அகலமான லென்ஸ் போட்டால் முகம் கோணும். கதவுச் சட்டத்தையே சட்டகமாக வைத்து வெளியிலிருந்து எடுங்கள். குரல் கான்கிரீட்டில் எதிரொலிக்கும். கேமராவுக்குப் படாத சுவரில் கனமான போர்வை இரண்டைத் தொங்கவிட்டால் வசனம் தெளியும்.

இனி எங்கள் பட்டியலின் உச்சிக்கு வருகிறோம். 2008இல் வந்த ‘மிஸ்டரி ஸ்பாட்’, மூன்றாம் சீசனின் 11ஆவது எபிசோடு. சாம் கண் விழிக்கும்போது வானொலியில் ஒரே பாட்டு. அதே செவ்வாய்க்கிழமை. அன்று டீன் சாகிறான். மறுபடி விழித்தால் அதே பாட்டு, அதே செவ்வாய், டீன் வேறு விதமாகச் சாகிறான். மேலிருந்து மேசை விழுந்து, குளியலறையில் வழுக்கி, காலை உணவு தொண்டையில் அடைத்து. சாவு சாவாக அடுக்கிச் சிரிக்க வைக்கிறார்கள். நூறு செவ்வாய்க்கு மேல் போகிறது. பிறகு வருகிறது அந்த நுணுக்கம். உணவகத்தில் தினமும் மேப்பிள் பாகு ஊற்றிச் சாப்பிடும் ஓர் ஆள், ஒருநாள் ஸ்ட்ராபெர்ரி பாகு ஊற்றுகிறான். நாள் திரும்பும் உலகில் எதுவும் மாறக்கூடாது. மாறினவன்தான் குற்றவாளி. சாம் அவனைப் பிடித்துவிடுகிறான்.

இதை நம் புளோக்கின் கீழேயுள்ள கோப்பிக் கடையில் எடுக்க என்ன வேண்டும்? தினமும் புரோட்டாவுக்கு மீன் குழம்பு வாங்குபவர் ஒருநாள் சீனி தொட்டுச் சாப்பிடுகிறார். அவ்வளவே. ஆனால் அதற்கு முன் குறைந்தது மூன்று தடவையாவது அந்தக் குழம்புக் கிண்ணம் சட்டகத்தின் ஓரத்தில் தெரிந்திருக்க வேண்டும், யாரும் சுட்டிக்காட்டாமல். க்ளோசப் வைத்தால் கெட்டது. படப்பிடிப்பை நாள் வாரியாகத் திட்டமிடாதீர்கள். கேமரா வைக்கும் இடம் வாரியாகத் திட்டமிடுங்கள். ஒரு கோணத்தில் லைட்டை வைத்துவிட்டு எல்லாச் செவ்வாய்க்கும் உரிய காட்சிகளை வரிசையாக எடுத்துவிட்டு அடுத்த கோணத்துக்குப் போனால் நேரம் வெகுவாக மிஞ்சும். தொடர்ச்சி பார்ப்பவரிடம் ஒரு கட்டம் போட்ட தாள் இருக்கட்டும்: மேலே செவ்வாய்களின் எண், பக்கவாட்டில் மாறக்கூடாதவை. கோப்பை எந்தக் கையில், நாற்காலி எந்தக் கோணத்தில், பின்னால் போகும் சிறுவன் எந்த வசனத்தில் நுழைகிறான். வெளிச்சம்தான் பெரிய எதிரி. திறந்த கோப்பிக் கடையில் காலை 8 மணி வெயிலும் 11 மணி வெயிலும் ஒன்றல்ல. உள்பக்க மேசையைத் தேர்ந்தெடுங்கள்.

இந்த எபிசோடை நகலெடுப்பவர்கள் பலரும் சிரிப்போடு நிறுத்திவிடுவார்கள். அதன் உயிர் புதன்கிழமையில் இருக்கிறது. ஒருவழியாகப் புதன் விடிகிறது, சாம் நிம்மதியாகிறான், டீன் அன்று உண்மையாகவே சாகிறான். நாள் திரும்பவில்லை. மாதக்கணக்கில் சாம் தனியாக, பேச்சு வற்றி, பழிவாங்க மட்டுமே அலைகிறான். முன்பு சிரித்ததெல்லாம் அப்போது தொண்டையில் சிக்கும். உங்கள் அரை மணி நேரத்தில் விளம்பரம் போக 22 நிமிடம்தான் மிஞ்சும் என்றால், இரண்டு பாகமாக்கி முதல் பாகத்தைப் புதன் விடிவதோடு முடியுங்கள்.

‘பேபி’ (2015, 11ஆவது சீசன்) எல்லாரும் சொல்லும் எபிசோடு. கதை முழுவதும் 1967 ஷெவர்லே இம்பாலா காருக்குள்ளேயே நடக்கிறது. வெளியே சண்டை நடந்தால் கண்ணாடி வழியே பாதிதான் தெரியும். சத்தம் மட்டும் மங்கலாக வரும். சகோதரர்கள் இறங்கிப் போனபின் வண்டியை நிறுத்தித்தரும் பெண் அதை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவாள், கேமரா வண்டியோடே போகும். அசுரனைச் சரியாகக் காட்டாததால் செலவும் குறைவு, பயமும் கூடுதல். ஆனால் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த கார் என்ற உணர்வு இங்கே எடுபடாது. நம் கார்களுக்கு சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) பத்து வருடம். அதற்கு மேல் வைத்திருக்க மறுபடி பணம் கட்ட வேண்டும். பெரும்பாலோரிடம் தாத்தா காலத்துக் கார் கிடையாது. அதற்குப் பதில் பகல் ஓட்டுநரும் இரவு ஓட்டுநரும் மாறி மாறி ஓட்டும் ஒரே டாக்சியை வையுங்கள். ஒருவர் விட்டுப்போனதை மற்றவர் கண்டெடுப்பார். பின்னிருக்கைப் பெண் மாயமாகும் கதையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது எல்லா ஊரிலும் சொல்லித் தேய்ந்தது.

‘ரோட்கில்’ (2007) எழுத்தாளர்களுக்கான பாடம். விபத்தில் சிக்கிய ஒரு பெண் கணவனைத் தேடுகிறாள், சகோதரர்கள் உதவுகிறார்கள், தான் 15 ஆண்டுக்கு முன்பே இறந்தவள் என்பது அவளுக்கே கடைசியில்தான் தெரிகிறது. கணவன் வேறு கல்யாணம் செய்து வாழ்கிறான். இப்படி எழுதும்போது பிரதியை முடிவிலிருந்து பின்னோக்கிப் படித்துச் சரிபாருங்கள்: நாயகர்களைத் தவிர வேறு யாராவது அவளுக்குப் பதில் சொல்கிறார்களா? அவள் தொட்டு மின்தூக்கி நிற்கிறதா? எம்ஆர்டி வாயிலில் அவள் அட்டைக்கு ‘பீப்’ கேட்கிறதா? ஒன்று தவறினாலும் இரண்டாம் தடவை பார்ப்பவர் பிடித்துவிடுவார்.

‘ஃபெய்த்’ (2006) பற்றிச் சுருக்கமாக. மின்சாரம் தாக்கி இதயம் கெட்ட டீன் ஒரு போதகரின் கூடாரத்தில் குணமாகிறான். ஒருவர் பிழைத்தால் வேறொருவர் சாக வேண்டும் என்ற விதி பிறகுதான் தெரிகிறது. அவனைவிடத் தகுதியான, மூளைக் கட்டியோடு வந்த பெண் குணமாகாமலே போகிறாள். விதிக்கு விலை உண்டு என்பதை இதைவிட நன்றாக எங்கும் சொல்லவில்லை.

சறுக்கியவற்றையும் பாருங்கள். முதல் சீசனின் ‘பக்ஸ்’: சாபத்தால் பூச்சிகள் வீட்டை முற்றுகையிடுகின்றன. உப்பும் செல்லாது, இரும்பும் செல்லாது. நாயகர்கள் பூச்சிமருந்து அடித்துக்கொண்டு பரணில் ஒளிந்திருக்கிறார்கள், சட்டென்று விடிந்துவிடுகிறது, பூச்சிகள் போய்விடுகின்றன. விடிந்ததால் பேய் போனது என்று முடிப்பது எழுத்தாளர் கைகழுவுவது. தொடரே இதை ஒப்புக்கொண்டது. நான்காம் சீசனில் எழுத்தாளராக வரும் ஒரு பாத்திரம் அந்தப் பூச்சிக் கதைக்காகச் சகோதரர்களிடம் மன்னிப்புக் கேட்கும்.

ஐந்தாம் சீசனின் ‘ஹேமர் ஆஃப் த காட்ஸ்’ வேறு வகைச் சறுக்கல். காளியும் விநாயகரும் பிற மதத் தெய்வங்களோடு ஒரு ஹோட்டலில் கூடுவார்கள், மனித இறைச்சி பரிமாறப்படும், விநாயகர் கொல்லப்படுவார். இந்து ரசிகர்கள் வருந்தியதில் நியாயம் உண்டு. உங்கள் கதையில் முனீஸ்வரனும் கருப்பரும் வரட்டும், ஆனால் கதைக்கு ஆள் தேவை என்று அவர்களை வில்லனாக்க வேண்டாம். ‘மர்மதேசம்’ தொடரின் ‘விடாது கருப்பு’ பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜனும் இயக்குநர் நாகாவும் காவல் தெய்வத்தின் மேலுள்ள பயத்தையும் மனித மனத்தின் கோணலையும் ஒன்றாகக் கட்டினார்கள், சாமிக்கு ஒரு குறையும் வராமல்.

இன்னும் இரண்டு, சின்னவைதான், ஆனால் அடிக்கடி கெடுபவை. வெளிச்சம் மினுக்கினால் ஆவி வருகிறது என்று ‘சூப்பர்நேச்சுரல்’ பழக்கிவிட்டது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நடைபாதை விளக்கின்கீழ் விநாடிக்கு 24 பிரேமில், பொருந்தாத ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக மினுக்கும். பேய் இல்லாத காட்சியிலும் பேய் வந்துவிடும். 25 பிரேம், 1/50 ஷட்டர் வைத்தால் பெரும்பாலும் தீரும். மலிவான எல்இடி விளக்குகளை மட்டும் முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். இருட்டுக் காட்சியில் சட்டகத்துக்குள் ஓர் ஒளி மூலமாவது இருக்கட்டும், சாமி விளக்கோ திறந்த குளிர்சாதனப் பெட்டியோ. முழு இருட்டு, கைத்தொலைபேசித் திரையில் வெறும் சாம்பல் கட்டங்களாகத்தான் தெரியும்.

அடுத்தது ஆங்கில வசன வரிகள். நடிகர் பாதி வாக்கியத்தில் நிறுத்திப் பயத்தை ஏற்றும்போது, முழு வாக்கியமும் கீழே முன்னதாகவே வந்துவிடுகிறது. “அவர் செத்துப் பத்து வருஷமாச்சு” என்பது திரையில் எழுத்தாக விழுந்த பிறகு அதைச் சொல்ல நடிகர் தேவையில்லை. அத்தகைய வரிகளை இரண்டாக உடைத்து, வாய் திறக்கும் கணத்தில் இரண்டாம் பாதியை இடச் சொல்லுங்கள். தொகுப்பு முடிந்தபின் வசன வரியாளருக்கு எந்த வரிகள் அப்படிப்பட்டவை என்று ஒரு குறிப்பும் அனுப்புங்கள். இப்போது அவர்களுக்குப் பெரும்பாலும் பிரதி மட்டுமே கிடைப்பதுபோலத்தான் திரையில் தெரிகிறது.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலுள்ள ‘சூப்பர்நேச்சுரல்’ தமிழ் ரசிகர்கள் சிலர்