சுவரில் எழுதிய பெயர்கள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் மிகுந்த மகிழ்ச்சி. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதவில்லையே.

நான் செக் நாட்டின் தலைநகர் பிராக் வந்து மூன்று நாளாகிறது. தனியாகத்தான் சுற்றுகிறேன். நேற்று விடியும் முன்பே சார்லஸ் பாலத்துக்குப் போய்விட்டேன். 1357-இல் கட்டத் தொடங்கிய கல்பாலம். இருபுறமும் 30 சிலைகள். புனிதர் நெபோமுக் ஜான் சிலையின் அடியில் உள்ள வெண்கலப் பலகை, வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு ஓரிடத்தில் பொன்போல் மின்னுகிறது. நானும் கை வைத்தேன், ஜில்லென்றிருந்தது. கோட்டை, பேராலயம், 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம் எல்லாம் பார்த்தேன். அவற்றைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

உனக்கு எழுத வேண்டியது பின்காஸ் யூதத் தொழுகைக்கூடத்தைப் பற்றித்தான். உள்ளே போனால் கண்ணில் படுவது சுவர்கள்தான். அவற்றில் நாஜிகள் கொன்ற செக் நாட்டு யூதர்களின் பெயர்கள், ஏறக்குறைய 78,000, கையால் எழுதப்பட்டிருக்கின்றன. பெயரோடு பிறந்த தேதி, இறந்த தேதி. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு, முகாமுக்கு அனுப்பப்பட்ட தேதி. கிட்டே போனால்தான் எழுத்து தெரிகிறது. தள்ளி நின்றால் சுவரே சிவந்து கிடக்கிறது. ஒரே குடும்பப் பெயரின் கீழ் ஏழெட்டுப் பேரைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு படிக்க முடியாமல் மாடிக்குப் போனேன்.

அங்கே நாஜிகளின் தெரெசின் முகாமில் அடைபட்டிருந்த குழந்தைகளின் ஓவியங்கள். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் அவர்களுக்கு முகாமில் வரையக் கற்றுக்கொடுத்தார். 1944-இல் அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். போகுமுன் ஏறக்குறைய 4,500 ஓவியங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து மறைத்துவிட்டார். அவர் திரும்பவில்லை; குழந்தைகளிலும் பெரும்பாலோர் திரும்பவில்லை. பெட்டிகள்தான் மிஞ்சின. வீடு, பூ, வண்ணத்துப்பூச்சி என்று உன் வகுப்பில் பிள்ளைகள் வரைந்த அதே படங்கள். ஓரத்தில் கோணல்மாணலாகப் பெயர். “பெயர் எழுதாமல் தாளைக் கொடுக்காதே” என்று நீ பிள்ளைகளை அதட்டும் குரல் எனக்குக் கேட்டது. கண்ணாடிப் பேழையின் முன் நின்று அழுதுவிட்டேன்.

அலமாரியில் இடமில்லை, பழைய மாணவர்களின் ஓவியங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். போடாதே. அடுத்த மாதம் நான் வருகிறேன். என் வீட்டில் இடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் தோழி