கஞ்சி காய்ச்சினால் கைதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மே மாதம் வந்தால் இலங்கையில் ஒரே போருக்கு இரண்டு நினைவு நாள்கள். 18ஆம் திகதி, 2009இல் போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்காலில், தமிழ்த் தாய்மார் போரில் இழந்த பிள்ளைகளின் படத்தை வைத்து அழுகிறார்கள். மறுநாள் பத்தரமுல்லையில் அரசு படைவீரர்களை நினைவுகூர்கிறது. மகனை இழந்த சிங்களத் தாயும் அங்கே அழத்தான் செய்கிறாள். அந்தக் கண்ணீரை நான் மறுக்கவில்லை.

ஆனால் 2021 ஜனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இரவோடு இரவாக இடித்தார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் மறுபடி அடிக்கல் நாட்டினார்கள். சரி, அதோடு முடிந்ததா? 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்த பெண்களைக் கைது செய்தார்கள். அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சி அது; 2009இல் பதுங்குகுழிகளில் பசியாற்றியது.

அழக்கூட அனுமதி கேட்க வேண்டிய பிள்ளையிடம் ‘நாம் எல்லாரும் இலங்கையர்’ என்றால் அது எப்படி நம்பும்? வருகிற மே மாதமாவது கஞ்சிப் பானை பக்கம் பொலிஸ் வராமல் இருக்க அரசு எழுத்தில் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருகோணமலை