அக்காவுக்கு, அன்று சொல்லாமல் விட்டது

அன்புள்ள அக்கா,

வளையல் விஷயத்தை உன்னிடம் நேரில் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. "யாருக்காவது உபயோகப்படும்னா எழுதுடா, என் பேரு மட்டும் வேண்டாம்" என்று நீ சொன்னதால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

பத்திரமாக இருக்கட்டும் என்று நீ கொடுத்து வைத்த இரண்டு பவுன் வளையல் எட்டு மாதமாக அடகுக் கடையில் இருந்தது. இடையில் இரண்டு தடவை கேட்டாய். "லாக்கர்ல இருக்குக்கா, பேங்க் போக நேரமே இல்லை" என்றேன். இரண்டாவது தடவை நீ கேட்டது உன் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு. கவரிங் போட்டுக்கொண்டு வந்தாய். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்தாய். தெளிக்கும்போது அந்தக் கவரிங் வளையல் மணிக்கட்டு வரை சரிந்தது; உனக்கு அது அளவே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வழியாகச் சொன்ன அன்றும் முழுசாகச் சொல்லவில்லை. "தப்புதான்க்கா, ஆனா அந்த நேரத்துல வேற வழியில்லை" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் எனக்குத் தோசை வார்த்துப் போட்டாய். வழி இருந்தது அக்கா. உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் "வெச்சுக்கோடா" என்றுதான் சொல்லியிருப்பாய்.

போன வாரம் பாப்பாவுக்கு 'சத்திய சோதனை'யில் ஒரு பகுதியைப் படித்துக் காட்டினேன். காந்திக்கு அப்போது 15 வயது. அண்ணன் பட்ட கடன் சுமார் 25 ரூபாய். அதை அடைக்க அந்த அண்ணன் கையிலிருந்த தங்கக் காப்பிலேயே ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார் காந்தி. பிறகு மனசு கேட்கவில்லை. ஒரு சீட்டில் எழுதி, உடம்பு முடியாமல் மரப்பலகையில் படுத்திருந்த அப்பாவிடம் நடுங்கிக்கொண்டே கொடுத்தார். எனக்குத் தண்டனை கொடுங்கள், என் தப்புக்காக நீங்கள் உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம், இனித் திருட மாட்டேன் என்று எழுதியிருந்தார். அப்பா எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து காகிதம் நனைந்தது. சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். திட்டவே இல்லை.

"அவங்க அப்பா ஏன்ப்பா அடிக்கல?" என்று பாப்பா கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. நான் வேறொரு வரியில் நின்றுவிட்டேன். அப்பா அடிப்பார் என்று தனக்குப் பயமில்லை, அவருக்கு வலிக்குமே என்றுதான் பயம் என்கிறார் காந்தி. எட்டு மாதம் நானும் பயந்தேன். உனக்கு வலிக்குமே என்று அல்ல. உன் முன்னால் நான் சின்னவனாகிவிடுவேனே என்று. தம்பி நன்றாக இருக்கிறான், யாரிடமும் கைநீட்டாதவன் என்று நீ ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாய். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் உன் வளையலை வைத்தேன். அன்று நான் சொல்லாமல் விட்டது இதைத்தான். 'வேற வழியில்லை' என்பதும் ஒரு பொய், அதுவும் மன்னிப்புக் கேட்கும்போதே சொன்ன பொய்.

சரி. நேற்று நகையைத் திருப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வளையலோடு வருகிறேன். வட்டி கட்டிய ரசீதுகளையும் கொண்டு வருகிறேன். எங்கே செலவானது, யாருக்குக் கொடுத்தேன், எல்லாம் கேள். கோபம் இருந்தால் அதையும் சொல்லிவிடு. 'ஆனா' போடாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி