கல்லீரல் என்றால் பாட்டில் படம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் கல்லீரல் கொழுப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். குடிக்காதவர்களுக்கும் அது வரும் என்று உள்ளே ஒரு வரி இருந்தது. ஆனால் மேலே போட்டிருந்த படம் ஒரு பாட்டிலும் கிளாசும். எங்கள் திண்ணையில் ஆறு பேர் உட்கார்ந்து பீடி சுற்றுகிறோம். ஒருத்தி பேப்பர் வாசிப்பாள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவோம். அன்று படத்தைப் பார்த்ததுமே, "இது குடிகாரங்க சமாச்சாரம், அடுத்த பக்கத்தைத் திருப்பு" என்றுவிட்டார்கள். எனக்கு அந்த நோய் இருப்பது அதுவரை அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்குச் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்லவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு 46 வயது. ஊர் முக்கூடல் பக்கம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பீடித்தட்டு மடியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கும் குடிப்பழக்கம் கிடையாது. போன வருஷம் உதிரப்போக்கு அதிகமாகி, கர்ப்பப்பையைப் பார்ப்பதற்காக ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் பெரிய கோளாறு இல்லை. ஆனால் கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2, அதாவது நடுத்தர அளவு என்று ரிப்போர்ட்டில் இருந்தது. ரிப்போர்ட்டைக் கொடுத்தவர், "எதுவும் குடிக்கிற பழக்கம் உண்டாம்மா?" என்று சத்தமாகக் கேட்டார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தால் எங்கள் மதினி, "ராத்திரி முழிச்சு பீடி சுத்தையில எதுவும் குடிக்கியாட்டீ?" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ரிப்போர்ட்டை டிரங்குப் பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். நாலு மாதம் அது அங்கேதான் கிடந்தது.

வலி, காய்ச்சல், மஞ்சள் காமாலை என்று எதுவுமே இல்லை. அதனால்தான் அவ்வளவு நாள் மறைக்க முடிந்தது. அசதி மட்டும் இருந்தது. பீடி சுற்றுகிறவளுக்கு அசதி புதுசா என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் மகன் கட்டாயப்படுத்தி ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். அந்த அம்மா முதலில் கேட்டது, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றுதான். காலையில் இலை வெட்ட உட்கார்ந்தால், நடுவில் சமையலுக்கு எழுந்திருப்பதோடு சரி, ராத்திரிவரை சம்மணம்தான். சீனி போட்ட டீ ஐந்தாறு தடவை, கூடவே முறுக்கோ வடையோ. மூன்று வேளையும் அரிசி. என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, டேப்பை எடுத்து வயிற்றைச் சுற்றி அளந்தார்கள். 91 சென்டிமீட்டர். பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டுமாம். கை, கால் ஒல்லியாக இருந்தாலும் வயிறு மட்டும் பெருத்திருந்தால் அதுவே அறிகுறி என்றார்கள்.

உடம்பு செலவழிக்காத மாவும் சீனியும் கல்லீரலில் கொழுப்பாக மாறித் தங்குகிறது. கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு ஏறினால் அது நோய். பலருக்கு அதோடு நிற்கும். சிலருக்கு வீக்கம் வந்து, தழும்பு விழுந்து, கல்லீரல் சுருங்குகிற அளவுக்குப் போகும். ஒரு சொட்டு மது தொடாதவர்களுக்கும் இப்படித்தான். 2023இல் உலக டாக்டர்கள் கூடி இந்த நோயின் ஆங்கிலப் பெயரையே மாற்றி, அதிலிருந்த மது என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள் என்று அந்த அம்மா சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கொழுப்பைக் கரைக்க மாத்திரை எதுவும் எழுதவில்லை. நான் 64 கிலோ. நாலரை கிலோ குறைத்தாலே கல்லீரல் நன்றாகத் தேறும் என்றார்கள். பக்கத்து வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு நடக்காமல் இருந்தால் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இப்போது டீயில் சீனி இல்லை. மத்தியானம் சோறு ஒரு கரண்டி குறைவு, கீரையும் பயறும் கூடுதல். சாயங்காலம் முத்துமாலை அம்மன் கோவில்வரை வேகமாக நடக்கிறேன். முதலில் சும்மா நடக்கக் கூச்சமாக இருந்ததால் கையில் ஒரு பை எடுத்துக்கொள்வேன், கடைக்குப் போவதுபோல. எட்டு மாதத்தில் மூன்றரை கிலோ குறைந்திருக்கிறது. போன மாதம் எடுத்த ஸ்கேனில் கிரேடு 1.

சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்புக்கான திட்டத்தில் இந்தக் கல்லீரல் கொழுப்பையும் மத்திய அரசு 2021இலேயே சேர்த்திருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்று எங்கள் தெருவுக்கு ஒரு தங்கச்சி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்துப் போகிறாள். அவள் கையில் ஒரு டேப்பும் கொடுத்தால், தட்டோடு உட்கார்ந்திருக்கிற எங்களை இடத்திலேயே அளந்துவிடலாம். இதை அதிகாரிகள் கண்ணில் படும்படி போடுங்கள்.

அப்புறம், அடுத்த தடவை கல்லீரலைப் பற்றி எழுதும்போது பாட்டிலுக்குப் பதிலாக ஒரு பீடித்தட்டையும் பக்கத்தில் ஒரு டீ கிளாசையும் படமாகப் போடுங்கள். எங்கள் திண்ணையில் யாரும் பக்கத்தைத் திருப்பமாட்டார்கள்.

இப்படிக்கு,
பீடி சுற்றும் ஒரு வாசகி,
முக்கூடல் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.