நெல்லையில் குடியேறுவோர் மடையையும் கேட்டு மனை வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையை விட்டுத் திருநெல்வேலியில் வந்து குடியேறலாமா என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வாசகர்கள் எழுதிவரும் கடிதங்களைத் தவறாமல் படித்து வருகிறேன். வரலாம் என்போர் தாமிரபரணித் தண்ணீரையும் பாளையங்கோட்டைப் பள்ளி, கல்லூரிகளையும் எடுத்துச் சொல்கிறார்கள். வேண்டாம் என்போர் படித்த பிள்ளைகளுக்கு இங்கே வேலை இல்லை என்கிறார்கள். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கே புதிது புதிதாக முளைக்கும் நகர்கள் எந்த நிலத்தின்மேல் எழுகின்றன என்பதை இரு தரப்பாருமே பேசாமல் விட்டிருப்பதால், 2021-இல் வேளச்சேரியிலிருந்து பாளையங்கோட்டைக்குக் குடும்பத்தோடு வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வந்ததற்காக நாங்கள் வருந்தவில்லை. சென்னையில் அலுவலகம் போய்த் திரும்புவதற்கே நாள்தோறும் மூன்று மணி நேரத்தைச் சாலையில் தொலைத்தவனுக்கு, பாளை மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு, ஜங்ஷனில் உறவினரை ரயிலேற்றிவிட்டு, டவுனுக்குப் போய் நெல்லையப்பரையும் காந்திமதி அம்பாளையும் கும்பிட்டு, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப முடிகிற ஊர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் தாயாருக்கு நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்தபோது ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் பத்தே நிமிடத்தில் சேர்த்துவிட்டோம். வேலை விஷயத்தில் மட்டும் சமாதானம் சொல்ல முடியாது. கங்கைகொண்டான் சிப்காட்டில் தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன. 2023 செப்டம்பர் முதல் வந்தே பாரத் ரயிலும் எட்டு மணி நேரத்துக்குள் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் பிள்ளைகளை ஏற்றிவிட்டு நடைமேடையில் நிற்கும் பெற்றோரின் கூட்டம் குறையவில்லை.

இனி நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் தாயாரைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். அந்தப் பயமே எங்களைச் சொந்த ஊர்ப் பக்கம் திருப்பியது. பாளையின் தென்புறத்தில் புதிதாக மனை பிரித்திருந்த ஒரு நகரில் இடம் வாங்கும்போது பட்டா பார்த்தோம், முப்பது ஆண்டு வில்லங்கம் பார்த்தோம், மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை (டிடிசிபி) தந்த அனுமதியைச் சரிபார்த்தோம், வாஸ்து தெரிந்தவரைக்கூட அழைத்து வந்தோம். வாசலில் நல்ல தார்ச்சாலையும் இருந்தது. ஆற்றிலிருந்து தொலைவில் இருக்கிறோம் என்ற நிம்மதி வேறு. 2023 டிசம்பர் 17 அன்று விடாமல் பெய்த மழையில் ஜங்ஷனுக்குள் ஆற்று வெள்ளம் புகுந்தது எல்லாரும் அறிந்த செய்தி. ஆற்றுக்குச் சம்பந்தமே இல்லாத எங்கள் தெருவிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறி, நான்கு நாள் வடியாமல் நின்றது.

தண்ணீர் வடிந்த பிறகு, எங்களுக்குப் பால் ஊற்றுகிற பெரியவரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் பால் கேனைச் சைக்கிளோடு ஓரமாக நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி, இந்த வயக்காட்டுல நான் வரப்பு வெட்டியிருக்கேன். மடை எங்க இருந்துச்சுன்னு காட்டுதேன், வாங்க" என்று என்னை அழைத்துக்கொண்டு நடந்தார். எங்கள் வீட்டிலிருந்து ஆறாவது வீட்டின் மதிலுக்குப் பக்கத்தில் நின்று காலால் தரையைத் தட்டிக் காட்டினார். மடை என்பது வயலுக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வாய். மேல்மடைத் தண்ணீர் வயல் வயலாகப் பாய்ந்து, மிச்சம் அந்த இடத்தில் இறங்கிக் கீழ்க்குளத்துக்குப் போகுமாம். மனை பிரித்தவர்கள் வண்டி வண்டியாகச் செம்மண் அடித்து அதை மேடாக்கியிருக்கிறார்கள். நாங்கள் புரட்டிப் பார்த்த தாள் எதிலும் அந்த மடை இல்லை.

இந்த ஊரின் நீரமைப்பு தெரியாமல் இங்கே வீடு கட்டுவது பெரும் பிழை. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாயும், பழவூர் அணைக்கட்டிலிருந்து பாளையங்கால்வாயும் பிரிந்து வந்து, வழியெல்லாம் குளங்களை நிரப்பி, வயல்களுக்குப் பாய்ந்து, உபரியை அடுத்த குளத்துக்கு அனுப்பும்படி முன்னோர் அமைத்திருக்கிறார்கள். கால்வாயும் குளமும் புறம்போக்காக வருவாய்க் கணக்கில் இருக்கின்றன. ஆனால் வயலுக்கு வயல் தண்ணீர் கடத்திய சிறு வாய்க்கால்கள் பல, வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிடும் நீர்பாய்ச்சிகளின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. வயல் மனையாகும்போது முதலில் தூர்ந்துபோவது இவைதான். போதாக்குறைக்கு, பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களின் கழிவுநீரைப் பாளையங்கால்வாயில் விட்டுவிடுகிறோம். மேலப்பாளையத்தில் ஒரு காலத்தில் பிள்ளைகள் குதித்து நீந்திய கால்வாய் அது. ஆற்றுத் தண்ணீரை நாடி வந்த நாமே அந்தத் தண்ணீரைக் கெடுக்கிறோம் என்பதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் ஆகியவை சேர்ந்து 1994-இல் மாநகராட்சியானபோது வயல்களாகக் கிடந்த இடங்கள் பல இன்று தெருக்களாகிவிட்டன. குடிவருவோரைத் தடுக்கச் சொல்லும் உரிமை, நேற்று வந்த எனக்கு இல்லை. அந்த எண்ணமும் இல்லை. மனைப்பிரிவுக்கு அனுமதி அளிக்கும் முன், அந்தப் பாசனப் பரப்பின், அதாவது ஆயக்கட்டின், நீர்பாய்ச்சியையும் விவசாயிகளையும் வரவழைத்து, மடையும் வடிகாலும் இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, அவற்றின்மேல் மனை போடாமல் விட வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மனை வாங்க வருவோரும் பத்திர எழுத்தரைப் பார்க்கும் முன், பக்கத்து ஊரில் பயிர் செய்த ஒருவரிடம் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டுவிட வேண்டும்.

எங்கள் தெருவில் மடை இருந்த அந்த வீட்டுக்காரர், மதிலுக்கு அடியில் குழாய் பதித்துக் கீழ்க்குளத்துக்கு வழிவிடச் சம்மதித்துவிட்டார். தெருவார் அனைவரும் கையெழுத்திட்டு உரிய அலுவலகத்தில் மனுவும் கொடுத்திருக்கிறோம். ஐப்பசி பிறப்பதற்குள் அனுமதி கிடைத்தால், இந்த மழைக்காலத்தில் என் தாயாரை மாடிக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.