அயர்லாந்துன்னா நியூ ராஸ் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க சுற்றுலா பக்கத்துல அயர்லாந்து வர்றப்பல்லாம் டப்ளின், மோஹர் செங்குத்துப் பாறைகள், அதோட முடிச்சிடறீங்க. பொண்ணு அங்க நர்ஸா இருக்கறதால நாங்களும் போயிட்டு வந்தோம், டப்ளின் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா என்னை உலுக்கிப் போட்டது வெக்ஸ்ஃபோர்ட் கவுண்டில பாரோ ஆத்தங்கரைல இருக்கற நியூ ராஸ்ங்கற சின்ன ஊருதான்.

கடல்ல இருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் உள்ள தள்ளி இருக்கு, ஆனாலும் துறைமுகம், ஏன்னா கடலோட ஏத்தவத்தம் ஆத்துல அந்த ஊரையும் தாண்டிப் போகுது. 800 வருஷம் முன்னாடி வில்லியம் மார்ஷல்ங்கற நார்மன் பிரபுவும் அவரோட மனைவி இசபெல்லும் உண்டாக்கின ஊராம், அவங்க காலத்து செயின்ட் மேரீஸ் சர்ச்சோட இடிஞ்ச சுவர் இன்னும் மேட்டுமேல நிக்குது. கப்பலுக்கு வழிகாட்ட ஆறு கடல்ல சேர்ற பக்கம் ஹூக் முனைல கலங்கரை விளக்கம் கட்டினதும் அந்த மார்ஷல்தான், அது இன்னிக்கும் எரியுது.

ஆனா நான் சொல்ல வந்தது டன்பிராடி கப்பலைப் பத்தி. நியூ ராஸ்ல வியாபாரம் பண்ணின கிரேவ்ஸ் குடும்பத்துக்காக 1845ல கனடாவுல கியூபெக்ல கட்டின மூணு பாய்மர சரக்குக் கப்பல் அது. அதே வருஷம்தான் அயர்லாந்துல உருளைக்கிழங்குல கருகல் நோய் விழுந்துச்சு, நம்ம ஊட்டி விவசாயிகளுக்கும் தெரிஞ்ச அதே நோய்தான், ஆனா அங்க ஏழை ஜனங்களுக்கு மூணு வேளையும் அந்தக் கிழங்கை விட்டா வேற சாப்பாடு இல்ல. சுமார் பத்து லட்சம் பேர் செத்தாங்க, இன்னொரு பத்து லட்சம் பேருக்கு மேல ஊரை விட்டே போனாங்க, அந்த வருஷங்கள்லயும் ஓட்ஸும் ஆடுமாடும் இங்கிலாந்துக்கு கப்பல் ஏறிட்டுதான் இருந்துச்சுங்கறதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது. கனடாவுல இருந்து மரம் ஏத்திட்டு வர்ற கப்பல் திரும்பப் போறப்போ, சரக்கு இருந்த இடத்துல பலகை அடிச்சு ஜனங்களை ஏத்தினாங்க.

இப்ப ஆத்துல இருக்கறது அதே மாதிரி புதுசா கட்டி 2001ல தண்ணில இறக்கின கப்பல். கீழ்த்தட்டுக்கு இறங்கிப் பாருங்க, ரெண்டு அடுக்கா வெறும் பலகை, ஆறடிக்கு ஆறடி இருந்தா அதிகம், அதுல ஒரு குடும்பமே படுக்கணும், காத்து வர்றது மேல இருக்கற திறப்பு வழியாதான், புயல் வந்தா அதையும் மூடிடுவாங்க, வாந்தி பேதி எல்லாம் அந்த இருட்டுலதான், இப்படி வாரக்கணக்குல அட்லாண்டிக்கைத் தாண்டணும். பழைய காலத்து உடை போட்ட ஒரு அம்மா வந்து பிள்ளைங்களோட கப்பலேறின கதையை சொன்னப்போ என் பொண்ணு என் கையை விடவே இல்ல. டன்பிராடில சாவு கம்மிதான்னு சொல்றாங்க. ஆனா 1847ல மட்டும் கியூபெக் பக்கத்துல குரோஸ் ஐல் தீவுல 5000 பேருக்கு மேல புதைச்சிருக்காங்க, பெரும்பாலும் இப்படி வந்து சேர்ந்த ஐரிஷ் ஜனங்க.

கென்னடியோட கொள்ளுத்தாத்தா பேட்ரிக் கென்னடியும் இந்தப் பஞ்ச காலத்துலதான் பக்கத்து டன்கன்ஸ்டவுன்ல இருந்து கிளம்பி பாஸ்டன் போய் பீப்பாய் செய்யற வேலை பார்த்தவர். 1963 ஜூன்ல அமெரிக்க ஜனாதிபதியா இதே துறைக்கு வந்த கென்னடி, கொள்ளுத்தாத்தா மட்டும் போகாம இருந்திருந்தா நான் எதிர்ல இருக்கற ஆல்பட்ராஸ் கம்பெனில வேலை பார்த்துட்டு இருப்பேன்னு பேசினார். அதுக்கப்புறம் அஞ்சு மாசம்கூட அவர் இல்ல. ஆர்லிங்டன்ல அவர் சமாதில எரியற ஜோதில இருந்து கொண்டுவந்த சுடர் 2013ல இருந்து அந்தத் துறைல எரியுது.

போறவங்களுக்கு ஒண்ணு, நியூ ராஸுக்கு ட்ரெயின் கிடையாது, டப்ளின்ல இருந்து பஸ்லயோ கார்லயோ ரெண்டு ரெண்டரை மணி நேரம், வாட்டர்ஃபோர்ட்ல இருந்து அரை மணி நேரம் போதும். டன்கன்ஸ்டவுன்ல இருக்கற கென்னடி குடும்ப வீட்டையும் ஹூக் கலங்கரை விளக்கத்தையும் சேர்த்துப் பார்க்கணும்னா கார்தான் வசதி. அடுத்த தடவை அயர்லாந்து பத்தி போடறப்போ இந்த ஊருக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி