பொன்னம்மாவைக் கண்டுபிடித்தவன்

கல்லடி, மட்டக்களப்பு
ஞாயிறு இரவு

அன்பின் மகனுக்கு,

நீ அனுப்பிய சுயவிபரக் கோவையை மூன்று தரம் வாசித்தேன். எழுத்துப்பிழை மட்டும் பார்க்கச் சொன்னாய். இரண்டு இருந்தன, வட்டமிட்டுப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். பிழையே இல்லாத வேறு இரண்டு வரிகள்தான் என்னை இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுத வைத்தன.

முதல் தொழிற்பயிற்சிக்கு ஆறு மாதம் கொழும்பில் இருந்தாய். வெள்ளவத்தையில் நான்கு பேர் ஒரே அறையில் படுத்தீர்கள். பாணும் பருப்பும் சாப்பிட்டு, பஸ்ஸில் நின்றபடியே போய்வந்தாய். அந்த ஆறு மாதத்துக்கு நீ எழுதியிருப்பது 'மென்பொருள் சோதனைக்கு உதவினேன்' என்ற ஒரே வரி. வாசித்ததும் மனம் நொந்துவிட்டது. அந்த நிறுவனம் உன் சான்றிதழில் 'திருப்திகரம்' என்று ஒற்றைச் சொல் போட்டது என்பதற்காக, நீயும் உன் வேலையை அப்படியே அளந்துவிட்டாயா?

பொன்னம்மாவை மறந்துவிட்டாயா மகன்?

அன்று இரவு பத்தரைக்கு அழைத்து, "அம்மா, தட்டச்சுப் பொறியில் 'பொ' எப்படி அடிப்பீர்கள்?" என்று கேட்டாய். கொம்பு முதலில், பிறகு ப, பிறகு கால் என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகுதான் கதையைச் சொன்னாய். சிகிச்சை நிலையங்களுக்கான பதிவு மென்பொருள் அது. நம் பக்கத்து நிலையம் ஒன்றில் பொன்னம்மா என்ற நோயாளியின் பெயர் திரையில் கண்முன்னே இருக்கிறது, தேடினால் மட்டும் 'இல்லை' என்று வருகிறது. தட்டச்சுத் தவறு என்று சொல்லி மற்றவர்கள் ஒதுக்கிவைத்த முறைப்பாடு. நீ மூன்று நாள் அதை விடவில்லை.

கணினிக்குள் ப தான் முதலில் வரும், உயிர்க்குறி அதற்குப் பின்னால் என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். அந்த ஒகரக் குறியை ஒருங்குறியில், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில், ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் கணினி பார்ப்பது எண்களை. அதன் கணக்கில் அவர்கள் இரண்டு வேறு பொன்னம்மாக்கள். தேடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு 'இயல்பாக்கம்' என்று பெயர் என்றாய். கோமளாவும் அதே வழியில் கிடைத்தாள். கௌரி கிடைக்கவில்லை. ஔகாரக் குறிக்குப் பதிலாகச் சிலர் கொம்பும் ள என்ற எழுத்தும் அடித்திருந்தார்கள். அதை இயல்பாக்கம் திருத்தாது என்பதால், அந்த இரண்டையும் ஔகாரக் குறியாக மாற்ற நீயே தனி விதி எழுதினாய். எழுதி முடித்துவிட்டு, சோதிக்கப் பழைய பெயர்கள் வேண்டும் என்று என்னிடம் கேட்டாய்.

நான் சொல்லச் சொல்ல நீ அடித்தாய். வெள்ளையம்மா என்றதும் நின்றுவிட்டாய். உன் விதி 'வெள்' என்பதை விழுங்கி, புள்ளியை அநாதையாக விட்டிருந்தது. கெளுத்தி மீனையும் அது கெடுக்கும் என்றேன். ள வுக்குப் பிறகு புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது உண்மையான ள, அதைத் தொடக்கூடாது என்று அன்றிரவே மாற்றினாய். ஐம்பத்திரண்டு பெயர்களைச் சோதனையாக எழுதிவைத்தாய். இனி யார் அந்த நிரலில் கைவைத்தாலும் வெள்ளையம்மா காணாமல் போனால் சோதனை காட்டிக்கொடுக்கும் என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த நிறைவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதைத்தான் 'உதவினேன்' என்று எழுதியிருக்கிறாய்.

இது எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்பதை உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது உனக்கு மூன்று வயது. அடுத்த வாரமே கந்தோருக்குப் போய்விட்டேன். நம் கரையோரத்து நாவலடி, டச்பார், திருச்செந்தூர் என்று ஊர் ஊராகப் பெயர்ப் பட்டியல் அடித்தோம், எல்லாம் பாமினி எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பட்டியல் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். மறுபடி கையால் எழுதுவார்கள், மறுபடி அடிப்போம், ஒவ்வொரு முறையும் நாலைந்து பெயர் மாறும். ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுத்தவர். ஒரு பட்டியலில் ஒருவிதமாகவும் அடுத்ததில் வேறுவிதமாகவும் அவர் பெயர் இருந்ததால் நிவாரண அட்டைக்கு மூன்று தரம் வந்து திரும்பினார். மூன்றாம் தரம் அவர் ஒன்றும் கேட்கவில்லை, என் மேசைக்கு முன்னால் பேசாமல் நின்றார். தமிழ் 1991இலேயே ஒருங்குறியில் சேர்ந்துவிட்டது என்று நீ சொன்ன அன்று எனக்கு அவர் முகம்தான் வந்தது. வழி இருந்திருக்கிறது, எங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை.

இரண்டாவது வரி, அடுத்த பயிற்சியைப் பற்றியது. 'ஐவர் கொண்ட குழுவுக்குத் தலைமை தாங்கினேன்' என்று போட்டிருக்கிறாய். எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அதை எடுத்துவிடு. நேர்முகப் பரீட்சைக் குழுக்களில் குறிப்பெடுக்க எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். வேலையை யாருக்கு எப்படிப் பிரித்துக் கொடுத்தாய் என்று கேட்பார்கள், யார் மறுத்தார்கள், அப்போது என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அந்தக் கதிரையில் இருந்து தடுமாறிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நீ அப்படி இருக்கக்கூடாது.

அந்த மூன்று மாதத்தில் நீ செய்தது இரண்டு அறிக்கைப் பக்கங்கள். அத்துடன் அந்தத் தவறு. சோதனைப் பிரதி என்று நினைத்து உண்மைத் தரவுத்தளத்தில் அழித்துவிட்டாய். முந்தைய இரவின் காப்புப் பிரதியை மீட்டார்கள், அன்று காலைப் பதிவுகள் மட்டும் போய்விட்டன. நீ அதை மறைக்கவில்லை. எழுதுவினைஞருடன் உட்கார்ந்து துண்டுச் சீட்டுகளைப் பார்த்து அத்தனையையும் மறுபடி ஏற்றினாய். பிறகு, உண்மைத் தரவுத்தளத்தில் நுழைந்தால் மேலே சிவப்புப் பட்டை தெரியவும், அழிக்குமுன் அதன் பெயரை அடித்தே உறுதிசெய்யவும் ஏற்பாடு செய்தாய். எங்கே தவறினாய் என்று கேட்டால் இதைச் சொல். நடந்தது என்பதால் எத்தனை கேள்வி கேட்டாலும் உன்னிடம் பதில் இருக்கும்.

முதல் பயிற்சிக்கு நான் ஒரு வரி எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நீ போட்டுக்கொள்: 'தமிழ்ப் பெயர்த் தேடலில் பதிவுகள் கிடைக்காமல் போனதன் காரணத்தைக் கண்டறிந்து திருத்தினேன், மீண்டும் நேராதிருக்க 52 பெயர்களைக் கொண்டு சோதனைகள் எழுதினேன்.' தொழில்நுட்பச் சொற்களை நீ சேர்த்துக்கொள், எண்ணை மட்டும் எடுத்துவிடாதே.

புதன்கிழமை நேர்முகம் என்றாய். செவ்வாய் இரவுக்குள் திருத்தியதை அனுப்பு, எவ்வளவு நேரமானாலும் விழித்திருந்து பார்க்கிறேன். நாளை இரவு பஸ்ஸில் வருகிற பக்கத்து வீட்டுத் தம்பியிடம் வறுத்த அரிசிமாவும் கருவாட்டுச் சம்பலும் கொடுத்துவிடுகிறேன். அறையில் மற்றப் பிள்ளைகளுக்கும் போதும்படி கட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா